அம்சவல்லியக்காவின் கைப்பயிற்சி

விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் நான் வேலைக்குச் சேர்ந்தது 1967 தை மாதம். மின்சார ஃபியூஸ் கட்டை செய்கிற சின்ன கம்பெனி அது. பிசிறு எடுக்கும் பலகையில் என்னோடு சேர்த்து ஏழு பெண்கள். அச்சின் இரண்டு பாதிகளும் சேர்ந்த இடத்தில், கட்டையின் மேல் ஒரு கோடு மேடாக நிற்கும். கட்டை காய்ந்ததும் அந்தக் கோட்டைச் சின்னக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்து அடுக்க வேண்டும். அழுத்தினால் உடைந்துவிடும். அழுத்தாவிட்டால் பிசிறு போகாது.

மேஸ்திரி பக்கிரி என்னை அம்சவல்லியக்காவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். "இவங்க கையைப் பாரு, வாயைப் பாக்காத" என்றார். அக்காவின் வாய் அப்படி. கம்மாபுரம் பக்கத்துக்காரர். பேட்டையில் யாரைப் பற்றிக் கேட்டாலும் ஒரு கதை வைத்திருப்பார். சிரித்துக்கொண்டே சொல்வார், கத்தி மட்டும் நிற்காது. நான் ஒரு கட்டை முடிப்பதற்குள் அவர் மூன்று முடித்திருப்பார். அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயது, எனக்கு இருபத்திரண்டு. புருஷன் கலியமூர்த்தி ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்குகிறவர். ஏழு வயதில் கனகா என்று ஒரே மகள்.

என் பெயர் திரௌபதி. கம்பெனியில் எல்லோருக்கும் நான் துரோபதை.

மறு வருஷம் ஆடி மாதம் அது நடந்தது. சூளை பிரிக்கிற நாள். பொருள்களை அடுக்கிச் சுடுகிற மண் பெட்டிகளை நாங்கள் வரிசையாக நின்று வெளியே கடத்துவோம். சூளை ஆறி இரண்டு நாள் ஆனாலும் உள்வரிசைப் பெட்டிகள் கொதித்துக்கொண்டுதான் இருக்கும். கிழிந்த கோணித் துண்டை மடித்துப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். அக்கா அன்றைக்குப் பேச்சு சுவாரஸ்யத்தில் வெறுங்கையால் ஒரு பெட்டியை வாங்கிவிட்டார். வாங்கியவர் கீழே போடவில்லை. கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

தோல் கருகுகிற வாடை எனக்குத்தான் முதலில் அடித்தது.

"அக்கா! கையை எடுங்க அக்கா!"

அவர் பெட்டியை உடையாமல் பதமாகத் தரையில் வைத்துவிட்டுக் கையைத் திருப்பிப் பார்த்தார். வலது கை மோதிர விரலும் சுண்டு விரலும் நுனியில் வெளுத்துக் கொப்பளித்திருந்தன. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சூடாவா இருந்திச்சு?" என்றார்.

அப்போதுதான் நான் அந்த இரண்டு விரல்களையும் சரியாகக் கவனித்தேன். அவை உள்பக்கமாக மடங்கி இருந்தன. எப்போதும் அந்தக் கையில் பஞ்சைச் சுருட்டிப் பிடித்திருப்பார், அதனால் யார் கண்ணிலும் படவில்லை. ஒரு வருஷமாகவே மடங்கிக்கொண்டு வந்ததாம். வேலை செய்து செய்து விரல் பிடித்துக்கொண்டது என்று அவர் நினைத்திருக்கிறார்.

எனக்கு அது என்னவென்று தெரிந்துவிட்டது. நான் பிறந்த ஊரில் இதே மாதிரி விரல் மடங்கிய ஒருவரை முந்திரித் தோப்புக் குடிசையில் தனியாக வைத்திருந்தார்கள். சோற்றைத் தூரத்தில் வைத்துவிட்டு வருவார்கள். நான் செய்ததை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்று சாயங்காலமே என் மாமியாரிடம் சொன்னேன். மறுநாள் காலை தண்ணீர்க் குழாயடியில் ஆதிலட்சுமியிடம் சொன்னேன். ஆதிலட்சுமி எங்கள் பலகையில் கடைசி ஆள். மத்தியானச் சாப்பாட்டுக்குள் பலகை முழுக்கத் தெரிந்துவிட்டது. பானை பக்கத்தில் அக்கா டம்ளரோடு ஒட்டி இருந்த என் டம்ளரை நானே எடுத்துத் தள்ளி வைத்தேன். அதை அக்கா பார்த்தார்.

ஒரு வாரத்தில் அவருக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாகிவிட்டது. முதலாளி கூப்பிட்டு, டாக்டரிடம் காட்டிவிட்டு வரும்படி சொன்னார். குரலில் கோபம் இல்லை, ஆனால் வராதே என்று சொன்ன மாதிரிதான். அக்கா தன் கத்தியையும் பஞ்சையும் முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை தோறும் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தொழுநோய் பார்க்கும் டாக்டர் ஒருவர் வருவார். அவர் அக்காவின் முழங்கைக்கு மேல் இருந்த வெளிறிய படையைப் பஞ்சால் தொட்டுப் பார்த்தார். அங்கே உணர்ச்சி இல்லை. முழங்கை எலும்புக்குப் பின்னால் ஓடும் நரம்பு கயிறு மாதிரி தடித்திருந்தது. அவர் சொன்னதை அக்கா ஒரு சொல் விடாமல் என்னிடம் பிற்பாடு சொல்லியிருக்கிறார்.

"பயப்படாதீங்கம்மா. மாத்திரையில அடங்கிடும். உங்களுக்கு இருக்கிற வகை அடுத்தவங்களுக்கு ஒட்டாது. ஆனா செத்துப்போன நரம்பு திரும்பாது, அந்த விரலுக்குச் சூடு தெரியாது. விரலை நிமுத்த ஆபரேஷன் இருக்குது. அதுக்கு ரெண்டு வருஷம் மாத்திரை சாப்பிட்டாகணும். அதுவரைக்கும் விரலு வெறைச்சுப் போவாம நீங்கதான் பாத்துக்கணும்."

எப்படிப் பார்த்துக்கொள்வது என்றும் காட்டிக் கொடுத்தார். கையை அரை மணி நேரம் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். துடைக்காமல் எண்ணெய் தடவ வேண்டும். உள்ளங்கை மேலே பார்க்கத் தொடையில் வைத்து, மற்றக் கையால் அடியிலிருந்து நுனிவரை நீவி விரலை நிமிர்த்த வேண்டும். காலையும் மாலையும், தினமும்.

அக்கா ஒரு மாதம் செய்தார். விரல் அப்படியேதான் இருந்தது. மாத்திரையும் தின்று எண்ணெயும் தடவி என்ன கண்டோம் என்று தோன்றி, நீவுவதை விட்டுவிட்டார். தெருவில் பேச்சும் பரவியிருந்தது. மளிகைக் கடைக்காரர் சாமானைக் கையில் கொடுக்காமல் பலகை மேல் வைத்தார். அக்கா வெளியே போவதை நிறுத்தினார். வீட்டுக்குள்ளும் அந்தக் கையைத் துணியால் சுற்றி மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கலியமூர்த்தியண்ணன் பாசமானவர். அந்தப் பாசத்தில் எல்லா வேலையையும் அவரே இழுத்துப் போட்டுக்கொண்டார். விடியலில் சோறாக்கி, துணி துவைத்து, வீடு பெருக்கிவிட்டு ஷெட்டுக்குப் போவார். அக்கா எழுந்தால், "நீ சும்மா இரு, நான் இருக்கேன்ல" என்பார். அக்கா சும்மா இருந்தார். மடங்கிய விரலை மடங்கியபடி விட்டுவிட்டால் ஒரு தொந்தரவும் இல்லை. அதுதான் மோசம்.

மாத்திரை வாங்க அண்ணன் மட்டுமே போய்க்கொண்டிருந்தார். மாசி மாதம் டாக்டர், ஆளை நேரில் பார்க்காமல் தரமாட்டேன் என்றதால் அக்கா போனார். டாக்டர் சுண்டு விரலைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தார். நடுக்கணு பாதியில் நின்றுவிட்டது. அதற்கு மேல் வரவில்லை. மடிப்பில் தோல் வறண்டு வெடித்திருந்தது.

"இன்னும் மூணு மாசம் இப்படியே விட்டா ஆபரேஷன் பண்றவங்க கைய விரிச்சிடுவாங்கம்மா" என்று மட்டும் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்ததாம் அக்காவுக்கு.

அதற்கு அடுத்த வாரம் ஒரு மத்தியானம் கலியமூர்த்தியண்ணன் கம்பெனி வாசலில் வந்து நின்று என்னைக் கூப்பிட்டார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"துரோபதை, கனகா அம்மா உன்னை வூட்டுக்கு வரச் சொல்லுது."

"எதுக்குண்ணே?"

"விரலை நிமுத்தி விடறதுக்கு. என் கை மூட்டை தூக்குற முரட்டுக் கை. நான் புடிச்சா தோலு கிழிஞ்சு ரத்தம் வந்திடுது. அதுக்கு வலிக்காது, அதனால எனக்குத் தெரிய மாட்டேங்குது. பிசிறு எடுக்கிற கைதான் வேணுங்குது. உன் கை பதமான கையாம்."

அவர்கள் வீடு ஆலடி ரோட்டில், கம்பெனியிலிருந்து ஐந்து நிமிஷ நடை. போனேன். அக்கா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"ஆதிலட்சுமிகிட்ட நீதான சொன்ன?" என்றார்.

"ஆமாங்கா."

"நானா இருந்தா நானும் சொல்லியிருப்பேன். ஒரு சேதி கெடைச்சா என் வாய் சும்மா இருக்குமா?" அவர் சிரிக்கவில்லை. ஆனால் பழைய குரல் அது. "உக்காரு. அந்த எண்ணெயை எடு."

நான் உட்கார்ந்தேன். நல்லெண்ணெயைக் கையில் ஊற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். எண்ணெய் விரலிடுக்கில் வழிந்தது. அக்கா அவசரப்படுத்தவில்லை. கையைத் தொடையில் மல்லாத்தி வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தொட்டேன். காய்ந்து, மண் கட்டை மாதிரிதான் இருந்தது அந்த விரல். ஆனால் உயிருள்ள கையின் கதகதப்பும் இருந்தது.

"எனக்கு வலிக்குமோன்னு பாக்காத. என் மூஞ்சியைப் பாத்தா ஒண்ணும் தெரியாது. மடிப்புல தோலைப் பாரு. வெளுத்தா நிறுத்து."

அப்படித்தான் ஆரம்பித்தது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் போவேன். காலையும் சாயங்காலமும் அவரே செய்துகொள்வார். மத்தியானம் மட்டும் நான். என் மாமியாருக்கு மூன்றாம் வாரம் தெரிந்தது. நான் அந்த டாக்டரிடமே அவரை அழைத்துப்போய், ஒட்டுமா என்று கேட்க வைத்தேன். அதன் பிறகும் "குளிச்சிட்டு உள்ள வா" என்பார். குளித்துவிட்டு வருவேன். சண்டை போட எனக்கு நேரம் இல்லை.

அக்கா இந்த முறை முழு மூச்சாக இறங்கினார். முதலில் வீட்டு வேலையைப் புருஷனிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். "கை வேலை செஞ்சாதான் கையா இருக்கும்னு டாக்டரு சொல்லியிருக்காரு. நீங்க எனக்கு நல்லது செய்யறதா நெனச்சுக் கெடுக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். துடைப்பத்தின் பிடியில் பழந்துணி சுற்றித் தடிமனாக்கிக்கொண்டார். மெல்லிசான பிடியை இறுக்கிப் பிடித்தால் புண்ணாகும், தெரியாது. அடுப்புப் பக்கம் போனால் எதை எடுக்கவும் துணி. ஊற வைக்கும் தண்ணீரின் சூட்டை இடது முழங்கையால் தொட்டுப் பார்த்துக்கொள்வார். வேலை முடிந்ததும் வெளிச்சத்தில் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார், எங்காவது சிவந்திருக்கிறதா என்று. நான் கம்பெனியில் ஒதுக்கிப்போட்ட ஈர மண்ணில் ஓர் உருண்டை கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை அமுக்குவதும் உருட்டுவதுமாக இருப்பார்.

ஆவணி வாக்கில் நடுக்கணு கொஞ்சம் இளகியது. ஐப்பசியில் இன்னும் கொஞ்சம். தீபாவளிக்குக் கம்பெனி லீவு விட்ட நான்கு நாளும் நான் போகவில்லை. ஐந்தாம் நாள் போனபோது, "நாலு நாள்ல ஒரு மாசம் பின்னாடி போயிட்டுது பாரு" என்றார். அதன் பிறகு நான் ஞாயிற்றுக்கிழமையும் போனேன். மறு வருஷம் வைகாசியில் டாக்டர் சுண்டு விரலைப் பிடித்து நீவினார். அது பலகை மாதிரி தட்டையாக வந்தது. அவர் உடனே உட்கார்ந்து ஆபரேஷனுக்குக் கடிதம் எழுதினார்.

வடாற்காடு பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. 1970 ஆனியில் அண்ணன் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். கனகாவை நான்கு மாதம் அவரே பார்த்துக்கொண்டார். அங்கே நடந்ததெல்லாம் அக்கா வந்து சொன்னதுதான்.

மணிக்கட்டைத் தூக்குகிற தசைநார்களில் ஒன்றைப் பிரித்து, காலிலிருந்து எடுத்த நாரால் ஒட்டுப் போட்டு, அதை நான்கு விரல்களிலும் தைத்தார்களாம். மூன்று வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்த அன்று பயிற்சி கொடுக்க அமிர்தம் என்ற பெண் வந்தாள். அவளுக்கு இருபத்துமூன்று வயது இருக்கும்.

"அக்கா, விரலை நிமுத்தணும்னு நெனைக்காதீங்க. மணிக்கட்டைத் தூக்கறதா நெனைங்க. விரலு தானா நிமிரும்" என்றாள்.

அக்கா நினைத்தார். ஒன்றும் அசையவில்லை. மறுநாளும் அசையவில்லை. பத்து நாள் ஒரு மேஜை முன்னால் உட்கார்ந்து, தன் கையையே பார்த்துக்கொண்டு, மணிக்கட்டு, மணிக்கட்டு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். எதிரே இருந்த ஆட்களுக்கெல்லாம் விரல் அசைந்தது. பதினோராம் நாள் எழுந்துவிட்டார்.

"எனக்கு வராதும்மா. என் கைக்குப் புத்தி இல்ல. நான் ஊருக்குப் போறேன்."

அமிர்தம் அவரைத் தடுக்கவில்லை. தன் இரண்டு கைகளையும் மேஜை மேல் வைத்தாள். மணிக்கட்டின் மேலே நீளமான தழும்பு, இரண்டு கையிலும்.

"எனக்கு இந்தக் கை பதினேழு நாள்ல வந்திச்சு. இது இருபத்திரண்டாவது நாள்தான் வந்திச்சு" என்றாள். "இந்த நாரு இத்தனை வருஷம் வேற வேலை பாத்திட்டிருந்திச்சு. புது வேலைக்கு வந்திருக்குது. பழகணும்ல?"

அக்காவுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. அதுவரை அந்தப் பெண்ணை நோயில்லாத ஆள் என்றே நினைத்துக்கொண்டிருந்தாராம். உட்கார்ந்துவிட்டார். பதினான்காம் நாள் அமிர்தம் வேறு யாருக்கோ பயிற்சி கொடுத்துக்கொண்டிருக்கும்போது, அக்காவின் நான்கு விரல்களும் அடிக்கணுவில் வளைந்து, நுனி நிமிர்ந்து, ஒரு தடவை எழுந்து விழுந்தன. அவர் யாரையும் கூப்பிடவில்லை. இன்னொரு தடவை வருகிறதா என்று பார்த்தார். வந்தது. அதற்கப்புறம்தான் "அமிர்தம்!" என்று கத்தினார்.

ஐப்பசியில் திரும்பி வந்தார். ஸ்டேஷனுக்கு நானும் போயிருந்தேன். இறங்கினதும் பையைக் கீழே வைத்துவிட்டு, பிளாட்பாரத்திலேயே கையை நீட்டி நிமிர்த்திக் காட்டினார். கனகா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

கம்பெனிக்குப் போவது அவ்வளவு சுலபமாக இல்லை. முதலாளி டாக்டர் கடிதத்தைப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார். "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, மத்தவங்க என்ன சொல்வாங்களோ" என்றார்.

"மத்தவங்களை நான் பாத்துக்கறேங்க. சூளைப் பக்கம் மட்டும் என்னை அனுப்பாதீங்க. பலகையில ஒரு மாசம் உக்கார வையுங்க. சரிப்படலன்னா நானே போயிடறேன்."

அக்கா உட்கார்ந்த அன்றைக்கு ஆதிலட்சுமி எழுந்து நின்றாள். "நான் இங்க உக்காரமாட்டேன்" என்றாள். பக்கிரி மேஸ்திரி அவளுக்கு அச்சுப் பக்கம் வேலை மாற்றிக் கொடுத்தார். இரண்டு வருஷம் கழித்து அவள் வேறு கம்பெனிக்குப் போகும்வரை அக்காவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அது நடக்கவில்லை.

நான் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தேன். பெரியம்மாள் என்று ஒருவர் இன்னொரு பக்கம் வந்தார். அவருக்கு வயது ஐம்பது. "எனக்கு இனிமே என்னா வந்தா என்னா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அக்காவுக்குப் பழைய வேகம் வரவில்லை. நான் மூன்று முடிக்கும்போது அவர் இரண்டு முடித்தார். ஆனால் அவர் கையில் ஒரு கட்டையும் உடையவில்லை. மாதம் முடிந்தது, முதலாளி அதைப் பற்றிப் பேசவே இல்லை. அக்காவும் கேட்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து எண்ணெய் தடவிப் பயிற்சி செய்வார். எல்லோரும் பார்க்கத்தான். பெரியம்மாளுக்கு மணிக்கட்டு வீக்கம் இருந்தது, இருபது வருஷம் கத்தி பிடித்த கை. ஒரு நாள் அவரும் எண்ணெய்க்குக் கை நீட்டினார். "எனக்கும் கொஞ்சம் ஊத்து. நீ ஆட்டறதைப் பாத்தா எனக்கும் ஆட்டணும் போல இருக்குது." பிறகு நான்கைந்து பேர் சேர்ந்தோம். பக்கிரி மேஸ்திரி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "என்னா, கச்சேரிக்குத் தாளம் போடறீங்களா?" என்பார்.

1972இல், வியாழக்கிழமை வருகிற அந்த டாக்டர் அக்காவைத் தேடி ஆளனுப்பினார். சனிக்கிழமைகளில் ஆஸ்பத்திரிக்காரர்கள் கம்மாபுரம், பெண்ணாடம், திட்டக்குடிப் பக்கத்து மங்களூர் என்று சுற்று வைத்து ரோட்டோரப் புளியமரத்தடியில் மாத்திரை கொடுப்பார்கள். வருகிறவர்கள் மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள், விரலை யாரும் நீவுவதில்லை. நீங்கள் வந்து காட்டினால் கேட்பார்கள் என்றார். அக்கா கம்பெனியில் சனிக்கிழமை அரை நாள் லீவு கேட்டு வாங்கினார். மத்தியானம் பஸ் ஏறுவார். சில சனிக்கிழமை நானும் கூடப் போயிருக்கிறேன்.

பெண்ணாடத்தில் காத்தவராயன் என்று ஒருவர். கரும்பு வெட்டுகிறவர். இரண்டு கையிலும் விரல் மடங்கி, அரிவாளைத் துணியால் கையோடு கட்டிக்கொண்டு வெட்டிக்கொண்டிருந்தார். அக்கா பயிற்சி காட்டியபோது, "வேலை செய்யறவனுக்குத் தனியா எதுக்கும்மா இதெல்லாம்? நாள் முழுக்கக் கை ஆடிக்கிட்டுத்தான இருக்குது?" என்று கேட்டார்.

அக்கா அவர் அரிவாளைக் கட்டியிருந்த துணியைக் கழற்றச் சொன்னார். கழற்றியதும் உள்ளங்கையில் புண்.

"உங்க கை ஆடலீங்க. இறுகிக்கிட்டே இருக்குது" என்றார் அக்கா. "காலையில புடிச்சது சாயந்தரம் வரைக்கும் ஒரே புடி. விரலு நிமிர்ந்து எத்தினி நாளாச்சு?"

அவர் யோசித்துப் பார்த்தார். "போன வருஷம் பொங்கலுக்கு மின்னாடி" என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். அடுத்த சனிக்கிழமை வந்தார். புண் ஆறும்வரை அரிவாள் பிடிக்கவில்லை. அவருக்கு ஒரு கை மட்டும் ஓரளவு இளகியது. இன்னொரு கை ரொம்பத் தாமதம், அது அப்படியே நின்றுவிட்டது. ஆனால் இளகிய கையால் டம்ளரை எடுத்து டீ குடிப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

1974இல் அக்காவுக்கே இடது கை ஆரம்பித்தது. ஒரு நாள் காலை கைகளைப் பார்க்கும்போது இடது சுண்டு விரல் மற்ற விரல்களோடு ஒட்டவில்லை. அன்றைக்கே வேலைக்குப் போகாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். மருந்து கொடுத்து, முழங்கையை ஆடாமல் கட்டிப்போட்டார்கள். கட்டு அவிழ்த்ததும் பழைய பயிற்சியே, இந்த முறை மற்றக் கைக்கு. நான் பயந்துபோனேன். அக்கா பயந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. சாப்பாட்டுக் கூடையைத் திறந்துகொண்டே, "ஒரு கைக்குத் தெரிஞ்சதை இன்னொரு கைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதுதான்" என்றார். அந்தக் கையில் விரல் பாதிக்கு மேல் மடங்காமல் நின்றது. ஆபரேஷன் தேவைப்படவில்லை.

கனகாவுக்குப் பதினெட்டு வயதானபோது மாப்பிள்ளை பார்த்தார்கள். முதல் இடத்துக்காரர்கள் ஊரில் விசாரித்துவிட்டுச் சொல்லாமல் நின்றுபோனார்கள். கனகா இரண்டு நாள் சாப்பிடவில்லை. தன்னால்தான் என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. கலியமூர்த்தியண்ணன்தான், "அடுத்த தடவை வந்தா நீ உள்ளயே இரு, நான் பேசிக்கறேன்" என்று சொல்லிவிட்டார். தன் பதினெட்டு வருஷத்தில் அப்பாவும் அம்மாவும் முகம் பார்க்காமல் இருந்தது அந்த ஒரு வாரம்தான் என்று கனகா சொல்வாள்.

இரண்டாவது இடம் திட்டக்குடியை அடுத்த மங்களூர். பையன் தங்கதுரை, டிராக்டர் ஓட்டுகிறவன். அவர்கள் வந்த அன்று நானும் இருந்தேன். அக்கா உள்ளே இருக்கவில்லை. துணி பிடித்துக் காப்பித் தட்டைத் தூக்கிக்கொண்டு அவரே வந்தார். வந்ததும் தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"நீங்க கேக்கறதுக்கு மின்னாடி நானே சொல்லிடறேங்க. எனக்கு இந்த நோவு இருந்திச்சு. இப்ப இல்ல. கை மட்டும் இப்படி."

பையனின் அம்மா, பேர் மாரியம்மாள், அக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒங்களை எனக்குத் தெரியும்" என்றார். "எங்க ஊரு புளியமரத்துல சனிக்கெழமை வந்து எல்லாரையும் கையைத் தூக்க வைப்பீங்களே, நீங்கதான? நாங்க எட்ட நின்னு பாத்து சிரிச்சிருக்கோம்." சொல்லிவிட்டு அவருக்கே சங்கடமாகிவிட்டது. காப்பியை எடுத்து ஒரு வாய் குடித்தார். "என் தம்பியும் அந்த வரிசையில உக்காந்திருந்தான். எங்க வூட்டுல யாருக்கும் தெரியாம. இப்ப சட்டை பொத்தானை அவனே போடறான்."

அதற்கு மேல் அந்தப் பேச்சு எழவில்லை. பொண்ணுக்கு என்ன படிப்பு என்று கேட்டார்கள்.

1978 ஆவணியில் கொளஞ்சியப்பர் கோயிலில் கல்யாணம். வாசலில் நின்று வருகிறவர்களுக்குச் சந்தனம் கொடுப்பது யார் என்ற பேச்சு வந்தபோது, மாரியம்மாள் சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அக்கா கையில் வைத்தார். அக்கா அதை உள்ளங்கையில் தாங்கி, விரல்களை நிமிர்த்தி அணைத்துப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். நான் பக்கத்தில் பன்னீர்ச் செம்போடு நின்றேன். பாதிக்கு மேற்பட்டவர்கள் சந்தனம் எடுத்தார்கள். சிலர் எடுக்காமல் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்கள். அக்கா எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் ஒரே மாதிரி "வாங்க, வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கூட்டம் குறைந்தபோது என் பக்கம் சாய்ந்து, "துரோபதை, கிண்ணத்தைக் கொஞ்சம் புடி. ரொம்ப நேரமா ஒரே புடி" என்றார். நான் வாங்கிக்கொண்டேன். அவர் பட்டுப்புடவையில் சந்தனம் படாமல் இரண்டு கைகளையும் தள்ளி நீட்டி, மணிக்கட்டைத் தூக்கி, விரல்களை நான்கைந்து தடவை மடக்கி நிமிர்த்தினார். பிறகு கிண்ணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதற்குள் தாலி கட்டுகிற நேரம் வந்துவிட்டது என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். இருவரும் வேகமாக உள்ளே போனோம்.